ஒரு வினாத்தாள், மூன்று வேலைகள்

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். முதல் தாள், இரண்டாம் தாள் என்று இருந்தது 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளாகியது. மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. சென்னையில் எழுதும் பிள்ளைக்கும் புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் எழுதும் பிள்ளைக்கும் இதே தாள்தான்.

தாளுக்குள் பார்த்தால் வேலைகள் வேறு வேறு. ஒரு சொல்லுக்குச் சரியான பொருளைத் தேர்ந்தெடு என்கிறது ஒரு கேள்வி. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு என்கிறது இன்னொன்று. இதுவரை கண்டிராத ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துவிட்டு விடை எழுது என்கிறது மற்றொன்று. சொல், இலக்கணம், வாசிப்பு என்று மூன்று வேலைகள். ஆனால் இவற்றுக்கு நம் வீடுகளிலும் டியூஷன்களிலும் நடக்கும் தயாரிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: உரைநூலைத் திற, கோடு போடு, திரும்பத் திரும்பப் படி, தப்பாக எழுதியதைப் பத்துத் தடவை எழுது.

மூளை இந்த மூன்று வேலைகளையும் ஒரே வழியில் செய்வதில்லை. அதனால் பயிற்சியும் ஒரே மாதிரி இருக்க முடியாது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நினைவைப் பற்றியும் வாசிப்பைப் பற்றியும் நடந்த ஆய்வுகளில் மாணவருக்கு நேரடியாக உதவும் செய்தி இது.

சொல்: எடுக்க எடுக்கத் தங்கும்

நினைவை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அதே வரிசையைக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று தன்னையே சோதித்தார். முடிவுகளை 1885இல் வெளியிட்டார். இருபது நிமிடம் கழித்து மிச்சமான உழைப்பு 58 விழுக்காடு. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. மறதி தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகச் சரிகிறது. முந்தின இரவு படித்த சொற்பொருள் காலையில் பாதிக்கு மேல் காணாமல் போவது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. அது நினைவின் இயல்பு.

மறதியைத் தடுக்க என்ன வழி? பெரும்பாலோர் சொல்லும் விடை, மறுபடி படிப்பது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய பத்திகள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வின் பயிற்சி நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றொன்று கடல் நீர்நாய்களைப் பற்றியது. மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததை எல்லாம் தாளில் எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்த பத்தியே முந்தியது: 81 விழுக்காடு, எதிரில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறியது. இரண்டு முறை படித்ததில் 42தான் மிஞ்சியது. மூடி வைத்து எழுதியதில் 56 மிஞ்சியது. மறுபடி படிக்கும்போது எழுத்து கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை, தெரிந்துவிட்டதாக மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நினைவிலிருந்து எடுக்கும்போதோ சிரமமாக இருக்கிறது, அரைகுறையாக வருகிறது, நமக்கு ஒன்றுமே வரவில்லை என்று தோன்றுகிறது. அந்தச் சிரமம்தான் நினைவை இறுக்குகிறது.

இதற்கான கருவி நம் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்லிப் டெஸ்ட். ஒரு துண்டுத் தாள், பத்துச் சொல், ஐந்து நிமிடம். ஆனால் அதை நாம் மதிப்பெண் போடும் கருவியாகவே பார்க்கிறோம். யாருக்கு எவ்வளவு என்று தெரிந்ததும் தாள் குப்பைக்குப் போகிறது. உண்மையில் மதிப்பெண்ணே போடாவிட்டாலும் அந்த ஐந்து நிமிடம் வீணில்லை, எழுத முயன்றபோதே பாதி வேலை முடிந்துவிட்டது. விடையைச் சரிபார்ப்பது மீதி வேலை. பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை எழுதும் இம்போசிஷனில் மூன்றாவது தடவைக்குப் பிறகு உழைப்பது கை மட்டும்தான்.

அடுத்த கேள்வி, எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பது? இதற்கு ஒரு குடும்பமே தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டது. ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவர் குடும்பத்தினர் மூவரும் சேர்ந்து 300 அயல்மொழிச் சொற்களைக் கற்றார்கள். சிலவற்றை 14 நாளுக்கு ஒரு முறை, சிலவற்றை 28 நாளுக்கு ஒரு முறை, சிலவற்றை 56 நாளுக்கு ஒரு முறை. பயிற்சி முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகள் வரை நினைவைச் சோதித்தார்கள். 1993இல் வெளியான முடிவு இது: 56 நாள் இடைவெளியில் 13 முறை பயின்ற சொற்கள், 14 நாள் இடைவெளியில் 26 முறை பயின்ற சொற்களுக்கு இணையாக நினைவில் நின்றன. இடைவெளியை நீட்டியதால் பாதி உழைப்பு மிச்சம்.

ஜூனில் படித்த முதல் பாடத்தின் சொற்களை, ஒன்பதாம் வகுப்பில் படித்ததையும் சேர்த்து, ஜூலையிலும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் ஒரு ஸ்லிப் டெஸ்டுக்குள் நுழைத்தால் போதும். ரிவிஷன் என்ற பெயரில் மொத்தத்தையும் பிப்ரவரியில் கொட்டுவதைவிட அது குறைந்த செலவு.

இலக்கணம்: தெரிவதும் வருவதும்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்திய எழுத்தறிவு வரலாற்றில் தனி இடம் உண்டு. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பித்தலோடு அந்த இயக்கம் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது: பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். மூளையியலாளர் ஒருவர் பார்த்திருந்தால், இரண்டு வகை நினைவுகளை ஒரே இயக்கம் கற்பிக்கிறதே என்று வியந்திருப்பார்.

அந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டியது ஒரு நோயாளியின் துயரம். எச்.எம். என்ற முதலெழுத்துகளால் மருத்துவ உலகம் அறிந்த அவருக்கு 1953இல், வலிப்பு நோயைத் தணிக்க மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. காலையில் சந்தித்த மருத்துவரை மாலையில் தெரியாது. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஓரங்களை வரையச் சொன்னார். முதல் நாள் கோடு தாறுமாறாகப் போனது. மூன்றாம் நாள் நேராக வந்தது. ஆனால் இதை முன்பு செய்திருக்கிறோம் என்பதே அவருக்கு நினைவில்லை. செய்தியை வைத்துக்கொள்ளும் நினைவு அழிந்த பிறகும், செயலைக் கற்கும் நினைவு அவரிடம் உயிரோடு இருந்தது.

சொற்பொருள் முதல் வகை நினைவில் சேர்வது. சைக்கிள் ஓட்டுவது இரண்டாம் வகை. இலக்கணம் எதில் சேரும்? பேச்சிலும் எழுத்திலும் யோசிக்காமல் வரும் இலக்கணத்தில் பெரும் பங்கு செயல்வகை நினைவைச் சார்ந்தது என்கிறார் மைக்கேல் உல்மன் என்ற நரம்பியல் அறிஞர். விதியைச் சொல்லத் தெரிவது ஒன்று, வாக்கியம் வாயில் வருவது வேறு. செயப்பாட்டு வினையின் சூத்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, அதே தாளில் எழுதும் கடிதத்தில் தடுமாறுவதை எந்த ஆங்கில ஆசிரியரும் பார்த்திருப்பார். சூத்திரம் படிப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை, வயது வந்த மாணவருக்கு அது நல்ல தொடக்கம். தொடக்கத்தோடு நின்றுவிடுவதுதான் சிக்கல்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு எங்கே இடறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று தமிழ் வினை தன் வாலிலேயே ஆளைச் சொல்லிவிடும். எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய் பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்பவற்றுக்கு மட்டும் வினையின் பின்னால் ஓர் 'எஸ்' ஒட்டிக்கொள்கிறது. ஆள் யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்ட பிறகு வரும் அந்த எழுத்து புதிதாக எதையும் சொல்வதில்லை. பொருளைத் தேடும் மனம் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறது. கவனிக்காததைப் பழக முடியாது.

அயற்கூற்று இன்னும் சிக்கல். 'நாளைக்கு வர்றேன்னு சொன்னான்' என்பதில் அவன் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. 'என்று' வந்து அதைத் தாங்கிக்கொள்கிறது, காலம் மாறவில்லை. ஆங்கிலத்தில் 'வில்' என்பது 'உட்' ஆக வேண்டும், 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆக வேண்டும், 'ஐ' என்பது 'ஹி' ஆக வேண்டும். பேச்சுத் தமிழில் செய்து பழகாத மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்யச் சொல்கிறோம். இரண்டு மார்க் கேள்விதான், ஆனால் இரண்டு நாளில் வராது.

பயிற்சித் தாள்களின் அமைப்பும் இங்கே கவனிக்கத் தக்கது. செயப்பாட்டு வினை என்று தலைப்புப் போட்டுப் பத்து வாக்கியம், அடுத்து அயற்கூற்று என்று பத்து வாக்கியம். தலைப்பே விடையில் பாதியைச் சொல்லிவிடுகிறது. எந்த மாற்றம் தேவை என்று பிள்ளை யோசிக்கவே வேண்டாம். டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் கணக்குப் பாடத்தில் இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் குழு 20, இரண்டாம் குழு 63. ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணத்தைக் கற்பித்து 2019இல் நகாதா, சுசுகி என்ற இரு ஆய்வாளர்கள் கண்டதும் இதே திசையில்தான் இருந்தது. கலந்து செய்தவர்கள் பயிற்சியில் அதிகம் தவறினார்கள், ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ராபர்ட் டிகைசர் ஒரு செயற்கை மொழியை உருவாக்கி, சிலரைப் படித்துப் புரிந்துகொள்ள மட்டும் பழக்கினார், சிலரை வாக்கியம் அமைக்க மட்டும் பழக்கினார். 1997இல் அவர் எழுதியபடி, பழகியது பழகிய வேலைக்கே பெரிதும் உதவியது. கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகிய கை, கடிதம் எழுதும் கையாகத் தானே மாறிவிடாது.

பத்தி: பெருக்கலும் கூட்டலும்

வாசிப்புக்கு வருவோம். 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் ஒரு சமன்பாட்டைச் சொன்னார்கள். வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி.

முதல் காரணியில் ஆங்கிலம் உலகுக்கே தொல்லை தரும் மொழி. தமிழில் 247 எழுத்து என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் உயிரும் மெய்யும் குறிகளும் பிடிபட்டால் எந்தச் சொல்லையும் உரக்கப் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான். ஆனால் ஓ, யு, ஜி, எச் என்ற நான்கெழுத்து ஒரு சொல்லின் முடிவில் 'ஓ' என்றும், இன்னொன்றில் 'ஊ' என்றும், வேறொன்றில் 'ஆஃப்' என்றும் ஒலிக்கிறது. பிலிப் சீமோரும் கூட்டாளிகளும் ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் பின்லாந்து, கிரேக்க, ஜெர்மன் பிள்ளைகள் பழகிய சொற்களில் நூற்றுக்கு 98 வரை சரியாகப் படித்தார்கள். ஆங்கிலத்தையே பேசி வளரும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் படித்தது 34. தாய்மொழிக்காரருக்கே இந்தக் கதி என்றால் மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் நம் பிள்ளையை மக்கு என்பது அநியாயம்.

இந்தச் சிக்கலைத் தாண்ட நம் மாணவர்கள் கண்டுபிடித்த வழி, ஆங்கில வரிக்குக் கீழே தமிழில் எழுதிக்கொள்வது. அன்றைக்கு அது கைகொடுக்கும். ஆனால் 'பேக்' என்று எழுதிக்கொண்டால் பை, முதுகு, மூட்டை கட்டுதல், அடுப்பில் சுடுதல் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களும் ஒன்றாகிவிடும். வேறுபாட்டைக் காட்டும் எழுத்துகளைக் கண் பார்க்கவே பார்க்காது.

இரண்டாம் காரணியில் முதலில் நிற்பது சொல்வளம். இங்கே நன்றியோடு சொல்ல வேண்டிய பெயர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய ஆங்கிலேயர் அவர். வங்காள மாணவர்கள் ஆங்கில வாசகங்களில் ஏன் திணறுகிறார்கள் என்று ஆராய்ந்து 1926இல் நூல் எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள் நெரிசலாக வருவதே காரணம் என்று கண்டு, அடிக்கடி வரும் சொற்களை முதலில் வைத்து, புதியவற்றை அளவாகச் சேர்த்து வாசகங்களை அமைத்தார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2000 தலைச்சொற்கள் இருந்தன. அவை கைவசமிருந்தால் சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தெரிந்த சொல்லாகிவிடும்.

ஐந்தில் நான்கு போதுமா? ஹூ, நேஷன் என்ற இருவர் 2000இல் இதைச் சோதித்தார்கள். ஒரு கதையில் சில சொற்களை எடுத்துவிட்டுப் பொருளற்ற சொற்களை வைத்தார்கள். ஐந்தில் ஒரு சொல் தெரியாதபோது யாருக்கும் போதிய அளவு புரியவில்லை. துணையின்றிப் படித்துப் புரிய நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் 90, 95 தெரிந்தவர்களில் சிலர் எப்படிச் சமாளிக்கிறார்கள்? உலகறிவு அந்த இடைவெளியை நிரப்புகிறது. 1979இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இரண்டு கடிதங்களைக் கொடுத்தார்கள். ஒன்று இந்தியத் திருமணம், மற்றொன்று அமெரிக்கத் திருமணம். அவரவர் ஊர்க் கல்யாணத்தை அவரவர் வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவு கூர்ந்தார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் திருமண உடையை அணிந்தாள் என்ற செய்தி, அந்தச் சடங்கை அறிந்த அமெரிக்கருக்கு மரபின் பெருமை. இந்திய வாசகர் ஒருவருக்கோ, பழைய உடையில் நிற்கிறாளே என்ற பரிதாபம். ஆங்கிலம் இருவருக்கும் தெரியும். கல்யாணம்தான் வேறு.

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரரான ஆனால் ஆட்டம் தெரியாதவர்களை மிஞ்சிவிட்டார்கள்.

புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் இயக்கத்தைப் பற்றி பி. சாய்நாத் ஆங்கிலத்தில் எழுதியது, இந்தியில் பெயர்க்கப்பட்டு எட்டாம் வகுப்பு என்சிஇஆர்டி இந்திப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. அதன் ஆங்கில மூலத்தை வல்லத்திராக்கோட்டைப் பிள்ளைக்குப் படிக்காத பத்தியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? தெரியாத சொற்கள் பல இருக்கும். ஆனால் குவாரி என்ன, கூலி வேலை என்ன, தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவது என்ன என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், விடுபட்டதை ஊகித்துவிடும். பத்தியில் வருவது ஆல்ப்ஸ் மலைப் பனிச்சறுக்காக இருந்தால் அந்த உதவி கிடைக்காது. வாசிப்புத் திறன் என்று நாம் அளப்பதில் ஒரு பங்கு, பிள்ளை உலகத்தைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறது என்பது. அந்த அறிவு எந்த மொழியில் வந்தாலும் செல்லும். எரிமலையைப் பற்றித் தமிழில் படித்தவள், ஆங்கிலப் பத்தியில் எரிமலை வரும்போது பாதி தூரம் முன்பே போய் நிற்கிறாள்.

எதைப் பழகினால் எது வரும்

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1950களில் மதராஸ் மாநிலம் ஆங்கில வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, பழக்கிப் பழக்கிக் கற்பிக்கும் முறையை ஏற்றது. 1959இல் தொடங்கிய 'மெல்ட்' திட்டம், ஆசிரியருக்கு ஆசிரியர் பயிற்சி தரும் சங்கிலி வழியாக ஏறத்தாழ 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை எட்ட முயன்றது. 'மதராஸ் பனிப்பந்து' என்று கற்பித்தல் வரலாற்றில் அதற்குப் பெயர்.

இருபது ஆண்டு கழித்து, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு எதிர்த் திசையில் நடந்து பார்த்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை போன்ற ஊர்களின் சில பள்ளிகளில் இலக்கணப் பாடமே நடத்தாமல், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடச் செய்தார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானே அமையும் என்பது அவர் கருத்து. இன்றைய பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வழிகாட்டும் வரைபடக் கேள்வி வருகிறதே, அதைப் போன்ற வேலைகள்தாம் அன்று பாடமே.

ஆலன் பெரட்டா, ஆலன் டேவிஸ் இருவரும் இரு முறைகளிலும் படித்த பிள்ளைகளை மதிப்பிட்டு 1985இல் எழுதினார்கள். வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். சூழலோடு கூடிய இலக்கணம், சொல்வதெழுதுதல், புரிதல் ஆகியவற்றில் பெரும்பாலும் புதிய முறைப் பிள்ளைகள். மாணவர்களைக் குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனை இல்லை என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எச்.எம். முதல் டிகைசர் வரை பார்த்ததோடு இது ஒத்துப் போகிறது. பழகிய வேலையே கைவருகிறது.

எனவே காலக் கணக்கும் மூன்று வேலைக்கும் வேறு. ஒரு மார்க் சொற்களில் சிலவற்றைத் தேர்வுக்கு முந்தின வாரத்தில்கூடத் தேற்றிவிடலாம், ஆனால் பிளஸ் ஒன் வரும்போது அவை இருக்காது. இலக்கணத்துக்கு மாதங்கள் வேண்டும். தினமும் கலந்து கொடுத்த ஐந்து வாக்கியம், அதோடு தானே எழுதிய மூன்று வரி. பத்திக்கு ஆண்டுகள் வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பில் தொடங்கினால் தாமதம். ஆறாம் வகுப்பில் நூலகத்தில் தமிழ் அறிவியல் புத்தகம் எடுக்கும் பிள்ளையிடம், இதை வைத்துவிட்டு இங்கிலீஷ் படி என்று சொல்லாதீர்கள். நான்கு வருடம் கழித்து வரப்போகும் எட்டு மார்க் பத்திக்கு அந்தப் பிள்ளை அப்போதே படித்துக்கொண்டிருக்கிறது.